பொருத்தம் அக்காவின் கட்டிக்குச் செவ்வாய் தோஷம்

கொழும்பு வெள்ளவத்தையில் குடும்பம் நடத்துகிறவர்களில் பாதிப் பேர் பொருத்தம் அக்காவிடம் அகப்பட்டவர்கள். மீதிப் பேர் என்னைப் போல அவரிடமிருந்து தப்பியோடி, தனியே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். கலியாணம் பேசுவதுதான் அவருக்குத் தொழில், பொழுதுபோக்கு, மூச்சு எல்லாம். செத்தவீட்டுக்கு வந்தாலும் பெட்டியைப் பார்க்கமாட்டார். சுற்றி நிற்கிறவர்களில் இன்னும் கட்டாதது யார் என்றுதான் பார்ப்பார்.

மேல் மாடியில் அவர், கீழ் மாடியில் நான். லிஃப்டுக்குள் மறித்துவைத்துப் பெண்ணின் படம் காட்டுவார்.

"மூக்குச் சரியில்லை அக்கா" என்பேன்.

"உன்ர மூக்கைக் கண்ணாடியில பாத்தனியோ?" என்பார்.

அந்த அக்காவுக்குத்தான் சூலகத்தில் புற்றுநோய் வந்தது. பிள்ளைகள் இல்லாதவர். ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணை. வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டை இந்தியாவுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டரின் முகம் மாறிப்போனது.

"கட்டிக்குள்ள எந்த மரபணு கூட வேலை செய்யுது, எது குறைய வேலை செய்யுது எண்டு பாத்து, நோய் எப்பிடிப் போகுமெண்டு கணிக்கிறது அம்மா. உங்கடது அவ்வளவு நல்லமில்லை. திரும்பி வரக்கூடிய வகை."

அக்கா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அப்ப சாதகந்தானே? கட்டிக்குத் தோஷம்."

"சாதகமில்லை அம்மா. இதே மாதிரி இருந்த கனபேருக்கு நடந்ததை வைச்சுச் சொல்லுறம். உங்களுக்கும் அப்பிடித்தான் நடக்குமெண்டில்லை."

"இதைத்தானே நான் இவ்வளவு காலமும் பொம்பிளை வீட்டாருக்குச் சொல்லுறன்! டொக்டர், செவ்வாய்க்குச் செவ்வாயைத்தான் கட்டிவைக்கவேணும். சாதுவான மருந்து இதுக்குச் சரிவராது. தோஷமுள்ளதாப் பாத்துப் பேசி முடியுங்கோ."

டொக்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கடுமையான மருந்தாகத்தான் எழுதினார்.

தலைமயிர் கொட்டியது. அக்கா அசையவில்லை. கையில் கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டில்காரியின் மகனுக்குச் சம்பந்தம் பேசினார். தாதியிடம் சிங்களத்தில் அவளுடைய தங்கச்சியின் வயதைக் கேட்டார். ஒருநாள் சாப்பிட்டதெல்லாம் சத்தியெடுத்துக் களைத்துக் கிடந்தவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"டேய், எந்த ரிப்போர்ட் என்ன சொன்னாலும், உன்ர கலியாணச் சாப்பாடு சாப்பிடாமல் நான் போகமாட்டன். விளங்குதோ?"

"ஓம் அக்கா" என்றேன்.

இதுவரை நோய் திரும்பவில்லை. போன கிழமை லிஃப்டுக்குள் மறுபடி மறித்தார். தலையில் புதுமுடி அரும்பியிருந்தது. அவர் நீட்டிய படத்திலிருந்த பெண்ணை, பொய் சொல்லக்கூடாது, எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாம் முறையும் வாங்கிப் பார்த்தேன்.

"மூக்குச் சரியில்லை அக்கா."

"உனக்கு வாய்க்கொழுப்படா. இரு, வேற தேடுறன்."

"ஆறுதலாத் தேடுங்கோ அக்கா. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."