கயிற்றின் மேல் இருந்த கால்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் அக்காவின் வீட்டுக்காரர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதலாம் என்றால் 'அனைவர்' என்று யாரும் இல்லை; நான் ஒருவன்தான் இருக்கிறேன், அந்த ஒருவனும் சுமார்தான். தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'தாங்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அத்தானுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். என்னிடம் திடீரென்று மரியாதையாக நடக்க ஆரம்பித்தது தாங்கள்தான். வாங்கிய மரியாதையைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

தாங்கள் பார்சல் வண்டியில் அனுப்பிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. பிரித்தால் உள்ளே அத்தனையும் மல்யுத்த வீடியோ டேப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் தங்கள் கோழிக்கிறுக்கல். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "நீங்களே வச்சுக்கோங்க அத்தான். எனக்கு இனிமே எதுக்கு." என் டேப்பைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று இத்தனை வருஷமாக மிரட்டிக்கொண்டிருந்த மனிதர் எழுதுகிற சீட்டா இது? எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்குள் பார்சல்காரர் படியிறங்கிப் போய்விட்டார்.

சண்டை என்று வந்துவிட்டால் முதலிலிருந்து சொல்வதுதான் முறை, ஆகவே தெரிந்ததையே சொல்கிறேன், கேளுங்கள். டிவியில் வந்த மல்யுத்தத்தில் நான் பீரோவின் கட்சி, நீங்கள் கசாப்பின் கட்சி. அந்த வீரர்களின் நிஜப் பெயர் உங்கள் அக்காவின் வாயில் நுழையாததால் அவளாக வைத்த பெயர்கள் இவை. என் ஆள் நாலு பக்கமும் சதுரமாக, வைத்த இடத்தில் நின்றதால் பீரோ. உங்கள் ஆள் மேடைக்கு வரும்போதே கையைத் துடைத்துக்கொண்டு வந்ததால் கசாப்பு. பட்டத்துக்காக நடந்த அந்தப் பெரிய சண்டையில் பீரோ கசாப்பைத் தூக்கிப் போட்டு மேலே படுத்து அமுக்கினார், நடுவர் தரையில் மூன்று முறை தட்டினார், பீரோ ஜெயித்தார். அப்போது கசாப்பின் கால் ஓரத்துக் கயிற்றின் மேல் இருந்தது, கால் கயிற்றில் இருந்தால் நடுவர் எண்ணவே கூடாது, ஆகவே அது பச்சை மோசடி என்பது உங்கள் வாதம். கால் கயிற்றிலேயே இல்லை என்பது என் வாதம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீங்கள் வருவதும், அந்த டேப்பைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்துவதும், நான் "எங்கய்யா கால்?" என்பதும், நீங்கள் "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறீங்களே அத்தான், மொதல்ல உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கோங்க" என்பதும், நான் "நீ லிஃப்ட்டு ரிப்பேர் பண்றவன்தானே, மேலே எது கீழே எதுன்னு உனக்கே தெரியாது" என்பதுமாக சாயந்திரம் ஆகிவிடும். நடுவில் உங்கள் அக்கா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். சத்தம் அளவு மீறினால் கத்திரிக்கோலால் மிஷின் பலகையில் மூன்று தட்டு. அதோடு சண்டை முடிந்தது, டீ வரும். யார் சொன்னது சரி என்று ஒரு நாளும் அவள் வாயைத் திறந்ததில்லை.

சரி, வந்த பெட்டி வந்துவிட்டது, போட்டுப் பார்ப்போம் என்றால் டேப் பிளேயர் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். ஒரு கடையில் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், ரிப்பேர் மட்டும் செய்யவில்லை. கடைசியில் மிக்ஸி பழுதுபார்க்கும் ஒருவர் துணிந்து திருப்புளியை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சார், உள்ள சட்டைப் பட்டன் மாட்டியிருக்கு. யார் போட்டது?" என்றார். யாரும் போடவில்லை. உங்கள் அக்காவின் பட்டன் டப்பா எப்போதும் பிளேயரின் தலைமேல்தானே இருக்கும், எந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் நீங்கள் கையை வீசித் தட்டிவிட்டீர்களோ! பட்டனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "அட, உங்க சட்டையிலயே ஒண்ணு இல்லையே, வீட்டுல குடுத்து தைக்கச் சொல்லுங்க சார்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பழைய சண்டைகளைத் திரும்பப் பார்ப்பது பற்றி என் அபிப்பிராயத்தை நீங்கள் கேட்கவில்லை, கேட்காதவரிடம் சொல்வதுதான் நம் குடும்பப் பழக்கம். பார்க்கவே கூடாது. அன்றைக்கு மூச்சுவிடாமல் பார்த்த சண்டையில் பாதி நேரம் ஒருவர் இன்னொருவரின் காலைத் திருகிக்கொண்டு ஜாலியாகப் படுத்திருக்கிறார், மற்றவர் பல் வலி மாதிரி முனகிக்கொண்டிருக்கிறார். பீரோவின் முஷ்டிக்கும் கசாப்பின் தாடைக்கும் நடுவில் ஒரு டீ தம்ளர் தாராளமாகப் போகும். அன்றைக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் வேண்டாம் என்று விட்டோமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இப்போது வருகிற சண்டைகளை விட அது எவ்வளவோ தேவலை. இப்போது கேமரா கண் சிமிட்டுவதற்குள் பத்து இடம் தாவுகிறது, யார் யாரை அடித்தான் என்று தெரிவதற்குள் இருவரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு ஒருவன் விழுந்தால் விழுந்துதான் கிடப்பான், நாமும் கூடவே கிடப்போம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. பீரோ தூக்கிப் போடுகிறார் என்றா நினைத்துக்கொண்டிருந்தோம்? கசாப்புதான் துள்ளுகிறார், பீரோவின் இடுப்பில் கை ஊன்றி எழும்புகிறார், விழும்போது கூடவே சரிகிற பீரோவின் தலை தரையில் மோதாமல் தன் கையை அடியில் கொடுக்கிறார். கழுத்தை நெரிக்கும்போது பார்த்தால் இரண்டு பேரும் காதோடு காதாக என்னவோ பேசிக்கொள்கிறார்கள். அடித்தவன் பலசாலி என்று பெயர் வாங்குகிறான், அந்தப் பெயரை அவனுக்கு வாங்கித் தருகிறவன் விழுகிறவன். இது புரிய எனக்கு இவ்வளவு வயசு வேண்டியிருந்தது.

அந்தக் கயிறும் காலும் வருகிற இடம் இருக்கிறதே, டேப்பில் அந்த இடமே இல்லை! நாம் ரெண்டு பேரும் நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி ஓட்டித் தேய்த்ததில் சரியாக அந்த இடத்தில் மட்டும் ஒரே வெள்ளைப் புள்ளி, ஒரே கோடு. பீரோ ஜெயித்துக் கையைத் தூக்கும்போதுதான் மறுபடி படம் வருகிறது. நான் என் பழக்கத்துக்கு "எங்கய்யா கால்?" என்றேன். பதில் வரவில்லை. ஒரு சண்டை என்றால் பதில் வர வேண்டாமா? அதனால் நீங்கள் பேச வேண்டியதையும் நானே பேசினேன், உங்களை மாதிரியே மூக்கால். நீங்கள் பேசியது கொஞ்சம் ஓவர், எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது, கத்திவிட்டேன். கீழ் வீட்டில் குடியிருக்கும் பல் டாக்டர் ஓடி வந்து, "சார், உள்ள யார் அடிக்கிறாங்க? கதவைத் திறங்க!" என்று தட்டினார். திறந்தால் நான் ஒருவன். அவர் கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடிவிட்டு உங்கள் அக்கா மகளுக்கு போன் போட்டார். அவள் கைப்பையோடு ஓடி வந்து நின்றாள்.

"அப்பா, யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"உங்க மாமாகிட்ட."

"மாமா எங்கப்பா?"

"இன்னும் வரல."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. பல் டாக்டரை விட்டு என் மூளையைச் சோதிக்கச் சொன்னாள். அவர் பாவம், "இன்னைக்கு என்ன கிழமை சார்?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை. அதனாலதான் சத்தம்" என்றேன். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் "வாயைத் திறங்க" என்றார். திறந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறதாம்.

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவி, அந்தச் சண்டை இப்போது எல்லாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் பளிச்சென்று கிடக்கிறது என்று காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பீரோ அமுக்குகிறார். நடுவர் குனிகிறார். மச்சான், கால் கயிற்றின் மேல்தான் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி, கடைசி வரி தெரியுதா, கடைசி வரி தெரியுதா என்று ஊரையே கேட்டுச் சம்பாதித்தவனுக்கு அவ்வளவு பெரிய பூட்ஸ் தெரியவில்லை. நீ சொன்னதுதான் சரி. எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆனால் இதில் ஜெயித்த சந்தோஷம் உனக்கு வராது, ஏன் என்று சொல்கிறேன். உங்கக்கா போன மறுவாரம் இங்கே எல்லாரும் நாற்காலி போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அன்றைக்கு அந்த அமைதி தாங்க முடியாமல் நான்தான் உன்னைச் சீண்டினேன், "என்னய்யா, இப்பவாவது ஒத்துக்கோ, கயித்துல கால் இல்லைதானே?" என்று. நீ கத்துவாய், நான் கத்துவேன், கொஞ்சம் மூச்சு வரும் என்று பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொல்றதுதான் சரி அத்தான்" என்றாய். அவள் போனதை விட, ஆமாம், எழுதுவதற்கு என்ன, அன்றைக்கு அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் கை வைப்பதற்கு முன்பே விழுந்துவிட்டாயே. கசாப்பு ஒரு நாளாவது அப்படி விழுந்திருப்பாரா? இப்போது நானும் நீதான் சரி என்கிறேன். ரெண்டு பேரும் மேடையில் மல்லாந்து படுத்துக்கொண்டு "நீ ஜெயிச்சே, நீ ஜெயிச்சே" என்றால் டிக்கெட் வாங்கியவன் கல்லால் அடிக்க மாட்டானா?

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேச்சு நின்றபிறகும் நீ ஞாயிற்றுக்கிழமை வந்தாய். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குக் கால், கயிறு, கால், கயிறு என்று கத்தினோம். எனக்குத் தெரியும், நீ எனக்காகக் கத்தவில்லை, அவளுக்காகக் கத்தினாய். நானும் அதற்குத்தான் கத்தினேன். அவள் கண்ணால் சிரித்தாள். விரலால் கட்டில் கம்பியைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. அதற்குள் தூங்கிவிட்டாள். மூன்றாவது தட்டு விழவே இல்லை மச்சான். நீ பாதிச் சண்டையில் மேடையை விட்டு இறங்கிப் போயிருக்கிறாய், பெட்டியையும் அனுப்பிவிட்டாய். நடுவர் எண்ணி முடிக்காத சண்டை முடிந்த சண்டை இல்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

நின்றுபோன லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, நான் வெளியிலதான் நிக்கிறேன்" என்று நீ சொல்வாயாமே, தங்கச்சி பெருமையாகச் சொல்வாள். யார் யாருக்கோ போய் நிற்கிறாய். எனக்கு இந்த வீடு நடு மாடியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. வெளியே யாரும் இல்லை.

இருந்தாலும் உனக்கும் துக்கம் இருக்கும். எனக்கு மனைவி என்றால் உனக்கு அக்கா, என்னை விட உனக்கு அவளை அதிக நாள் தெரியும். வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. கால் கயிற்றில் இருந்தது என்று தீர்ந்துபோயிற்று, இனி நமக்குள் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. டேப்புகளைத் துணி சுற்றிப் பத்திரமாக மேல் அலமாரியில் ஏற்றிவிடுகிறேன். தங்கச்சிக்கு என் ஆசிகள், பிள்ளைகள் கண்ணுக்குக் கேடு வராமல் நன்றாக இருக்கட்டும். தங்கள் உடம்பைத் தாங்கள் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தோற்றதை ஒப்புக்கொண்ட,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: டேய், உறையை ஒட்டப் போனவன் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடு. உன் அக்கா மகள் இப்போதுதான் வந்து அதே சண்டையை வேறொரு கேமராவில், பின்பக்கமிருந்து எடுத்ததைக் காட்டினாள். கயிற்றின் மேல் இருப்பது கால் இல்லைடா, பூட்ஸின் கயிறு! லேஸ் அவிழ்ந்து கயிற்றில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, பூட்ஸ் அதற்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது. லேஸ் எப்படிடா காலாகும்? நாளைக்கு என் சட்டை நுனி உன் வீட்டு வாசலில் பட்டால் நான் வந்துவிட்டேன் என்று சாப்பாட்டுக்கு இலை போடுவாயா? முப்பது வருஷமாக ஒரு லேஸை வைத்துக்கொண்டு என் பிராணனை வாங்கியிருக்கிறாய். தைரியம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து என் முகத்தைப் பார்த்து, அது கால்தான் என்று சொல்லு. மரியாதையெல்லாம் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வா. கத்திரிக்கோல் மிஷின் மேல் அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது, நான் நகர்த்தவில்லை. அதை யார் தட்டுவது என்றுதான் தெரியவில்லை. நீ வா, அதற்கும் சேர்த்துச் சண்டை போடுவோம்.