இன்றைக்கு என்ன உவமை?

நேராக ஒரு விஷயத்தைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று பயப்படும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. அதில் முதல் வரிசைக்காரர், சூதாட்டத்தை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நம் உவமை சார். "சம்பளத்தை மனைவி கையில் கொடுங்கள், போனிலிருந்து அந்த ஆட்டத்தை எடுங்கள்" என்று சொல்ல அவருக்கு வராது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், ஜன்னலைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், "உங்க மனசு இருக்கே..." என்று ஆரம்பித்து நிறுத்துவார். அந்த இடைவெளியில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். பிறகு வரும், ஒரு படகு. இல்லாவிட்டால் ஓட்டை வாளி. குதிரைப் பந்தயத்தில் வீட்டைத் தொலைத்தவரிடமே ஒரு நாள் கடிவாளமில்லாத குதிரையை அவிழ்த்துவிட்டார். கேட்டவருக்குக் கண் பளபளத்தது. "பாருங்க, உள்ளே இறங்கிடுச்சு!" என்று சார் பூரித்துப்போனார்.

சாரிடம் வந்துகொண்டிருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேண்டியது உவமையா? மனைவி. "இனிமே ஒரே ஒரு பந்தயம் கட்டினாலும் திரும்பி வரமாட்டேன்" என்று அக்கா வீட்டுக்குப் போனவள், இன்று அவரைக் கூட்டிப்போக வருகிறாள். பாவம், மனிதர் ஒழுங்காகத்தான் இருந்தார்.

காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலித் தையற்காரர் மெக்கானிக்கை விலாவில் இடித்தார். "இன்னைக்கு சார் வாயில என்ன உவமை வரும்? நான் வாளிங்கறேன். தோத்தா ஒரு டீ."

"வேணாம்ப்பா, நான் விட்டுட்டேன்."

"டீயெல்லாம் ஒரு பந்தயமாப்பா?"

அதுதானே? மெக்கானிக்கின் வாய் தானாகவே "படகு" என்றது.

உள்ளே சார் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க மனசு இருக்கே..."

மெக்கானிக்குக்கு உள்ளங்கை வியர்த்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். எத்தனை நாளாயிற்று இந்தப் படபடப்பு!

"...அது ஒரு படகு."

"அப்படிப் போடு!" வெளியே வரை கேட்டது. சாருக்கோ கண்ணே கலங்கிவிட்டது. அவர் சொன்ன எந்த உவமைக்கும் யாரும் இப்படித் துள்ளி எழுந்ததில்லை. தோளில் கைபோட்டு அவரே வெளியில் அழைத்து வந்தார்.

அங்கே மனைவி பையோடு நின்றிருந்தாள். தையற்காரர் அசட்டுச் சிரிப்போடு டீயை நீட்டினார். "ஜெயிச்சுட்டியேப்பா!"

அவள் டீயைப் பார்த்தாள், கணவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பந்தயப் பளபளப்பு அவளுக்குத் தெரியாததா? பையோடு வந்த வழியே படியிறங்கிப் போனாள்.

"கவலைப்படாதீங்க. கல்யாணங்கறது..." என்று சார் கண்ணாடியைக் கழற்றினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அடுத்த முறை பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, "வாழ்க்கைங்கறது..." என்று ஆரம்பித்து நிறுத்துவீர்கள் அல்லவா, அப்போது உங்கள் வீட்டில் யார் யாரை விலாவில் இடிக்கிறார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள்.