எடை குறைந்த வீரம்

மனித குலம் இதுவரை கட்டிய பறக்கும் பொருள்களிலேயே தலைசிறந்தது, எங்கள் ஜப்பானியக் கடற்படையின் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம்தான். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகப்பட்டவர்கள் யாரும் இப்போது பதவியில் கிடையாது. ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் அது பறக்கும் தூரத்தைக் கேட்டு அமெரிக்கனுக்கே தலை சுற்றும். நகோயா தொழிற்சாலையிலிருந்து ஓடுதளம் வரைக்கும் மட்டும் மாடுகள் இழுத்துச் சென்றன. சாலை அப்படி. மாடுகளும் அவசரப்படாதவை, எங்கள் நிர்வாகத்தோடு எளிதில் ஒத்துப்போயின.

இத்தகைய விமானத்தை மேலும் மேம்படுத்துவதற்காகத் தோக்கியோவில் ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. தலைவர் கேப்டன் ஷிராகவா. நான் செயலாளன். தலைவர் நினைப்பதைக் குழுவின் கருத்தாக எழுதுவது என் கடமை.

போர் தொடங்கிய இரண்டாம் ஆண்டு வசந்தத்தில், தெற்குத் தீவுகளிலிருந்து லெப்டினன்ட் நெமோதோ என்ற விமானி எங்கள் முன் வந்து நின்றார். இரண்டு கைகளிலும் தீக்காயக் கட்டு. அதனால் சல்யூட் சற்றுக் கோணலாக இருந்தது, பெருந்தன்மையோடு மன்னித்தோம்.

"பெட்ரோல் டாங்கிக்கு ரப்பர் உறை வேணும் ஐயா. தோட்டா துளைச்சா அதுவே ஓட்டைய அடைச்சுக்கும். அமெரிக்காக்காரன் போட்டிருக்கான். நம்ம விமானம் ஒரு தோட்டாவுக்கே பத்திக்குது. பசங்க அதுக்கு 'லைட்டர்'னே பேர் வச்சுட்டாங்க."

தலைவர் தம் சிகரெட்டைக் கீழே வைத்தார்.

"இந்தப் பேர வச்சது யாரு?"

"பேரு கெடக்கட்டும் ஐயா. உறை..."

"உறை போட்டா எடை கூடும். எடை கூடினா தூரம் குறையும். அப்புறம் அவ்வளவு தூரம் எப்படிப் போவே?"

"கொஞ்சம் கம்மியாவே போறோம் ஐயா. திரும்பி வர்றோம்ல?"

"போறதுக்கு முன்னாடியே வர்றதப் பத்தி யோசிக்கிறியே!" தலைவருக்கு மனம் நொந்துவிட்டது. "என் வயசுல உள்ளவங்களுக்கு அப்படி ஒரு நெனப்பே வராதுப்பா."

"உங்க வயசு வரைக்கும் இருக்கணும்னுதான் ஐயா கேக்குறேன்."

குழு ஆழ்ந்து விவாதித்தது. டாங்கியில் கை வைப்பதில்லை, மொழியில் கை வைப்பது என்று முடிவாயிற்று. 'தீப்பிடித்தது' என்ற சொல் தடை செய்யப்பட்டது. 'முன்கூட்டியே ஒளிர்ந்தது' என்பதே இனி அதிகாரபூர்வ வழக்கு. மறுநாள் முதல் எங்கள் விமானம் ஒன்றுகூடத் தீப்பிடிக்கவில்லை. ஆலோசனைக்கு இருக்கும் வலிமை அப்படிப்பட்டது.

வீரர்களுக்கு ஊக்கம் குறைந்திருப்பதாக உணர்ந்த தலைவர், தாமே தெற்கே போய் உரையாற்றுவதென்று தீர்மானித்தார். கைக்கட்டு அவிழ்த்த கையோடு நெமோதோ விமானம் ஓட்டினார். தலைவரும் நானும் அதில் ஏறினோம். ரபவுல் தளத்தை நெருங்கும்போது தலைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"நெமோதோ, அந்தக் கரும்புள்ளி என்ன? பறவையா?"

"பறவைதான் ஐயா. அமெரிக்கப் பறவை."

தலைவர் இருக்கை வாரை இறுக்கிக்கொண்டார்.

"இதுல பெட்ரோல் எங்க வச்சிருக்கீங்க?"

"அந்த இறக்கைல பாதி, இந்த இறக்கைல பாதி."

"நடுவுல?"

"நடுவுல நீங்க ஐயா."

பறவை வந்தது. படபடவென்று தகரத்தில் கல் விழுவது போலச் சத்தம். வலது இறக்கையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு நீண்டது.

"தீ! தீ!" என்று அலறினார் தலைவர்.

"அந்த வார்த்தைக்குத் தடை இருக்குங்களே ஐயா," என்றார் நெமோதோ, திரும்பிப் பார்க்காமல். பேச்சில்தான் குறும்பு இருந்தது. பிடரியில் வியர்வை வழிந்தது. விமானத்தைத் தலைகுப்புற ஒரு மழை மேகத்துக்குள் செலுத்தினார். எதிரி எங்களைத் தவறவிட்டான். மேகத்தைவிட்டு வெளியே வந்தபோது நாக்கு அணைந்திருந்தது.

விமானம் தரையைத் தொட்டது. தோல் உரிந்த கைகளால் நெமோதோ அவரைத் தாங்கி இறக்கினார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு தலைவர் அழுதார்.

"உறை போட்டுருவோம்டா தம்பி. இது என் வாக்கு."

"பசங்ககிட்ட சொல்லட்டுமா ஐயா?"

"தாராளமா சொல்லு!"

நெமோதோ ஓடிப் போய்ச் சொன்னார். ஓடுதளத்தின் மறுகோடியிலிருந்து ஆரவாரம் கேட்டது.

தலைவர் வாக்குத் தவறாதவர். தோக்கியோ திரும்பியதும் கண்ணீரோடு பேசி ரப்பரை வாங்கிவிட்டார். அது ஒரே ஒரு விமானத்துக்குத்தான் போதும் என்பது ஒரு சிறு குறை. எதற்குப் போடலாம்? மேலதிகாரிகள் மேற்பார்வைக்குச் செல்லும் விமானத்துக்கு என்று குழு கண்டறிந்தது. உறையின் எடையால் அதில் குண்டு ஏற்ற முடியவில்லை. மேலதிகாரிகளை எதிரி மீது வீசும் திட்டம் இல்லாததால் இதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் நெமோதோவின் மனைவி யோஷினோ எங்கள் கூட்டத்துக்கு வந்தார். மார்போடு அணைத்திருந்த, வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் கணவரின் சாம்பல் இருக்க வேண்டும். நெமோதோ விமானத்தோடு எரிந்து கடலில் விழுந்தவர் என்பதால் அது காலியாக இருந்தது. தலைவர் எழுந்து ஆழமாகக் குனிந்து வணங்கினார்.

"உங்க வீட்டுக்காரர் யாருமே போகாத தூரம் போனாரும்மா."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. உறை வருது, கவலைப்படாதேன்னு எழுதியிருந்தாருங்க." அவர் பெட்டியை மேசைமேல் வைத்தார். "அவரச் சுட்டது எத்தனை விமானம்?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா."

யோஷினோ மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"உறை வேணாம்னு சொன்னது எத்தனை பேரு?"

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பதினோரு பேரும்மா! ஏகமனதா! அன்னிக்கு ஒருத்தர்கூட லீவு போடல!"