எலியும் பாலமும் மூன்று நாள் தாடியும்

ஒரு வாரம் லீவு கிடைத்ததும் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். யாருக்காகவும் எதற்காகவும் இந்த வாரம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

அவர் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். டப்பா, பிரஷ், ஏணி எல்லாம் வந்து இறங்கிவிட்டன. அடிக்கிற ஆள் மட்டும்தான் பாக்கி.

"ஏங்க, எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"ஒரு சின்ன வேலை இருக்கும்மா. முடிச்சிட்டு வந்துடறேன்."

சின்ன வேலை என்னவென்றால், அலமாரியைக் குடைந்தபோது ஒரு பழைய சிடி அகப்பட்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கி, கல்யாணம் ஆகிவிட்டதால் ஆடாமல் போன கம்ப்யூட்டர் விளையாட்டு. வாளேந்திய வீரன், மந்திரவாதி, டிராகன், சாபம் பிடித்த ராஜ்யம் எல்லாம் உண்டு. இத்தனை வருஷம் கழித்து அதை ஆடலாமா, வேண்டாமா?

"பழைய லிஃப்ட்டை ஓட்டலாமா கூடாதான்னு சொல்றதுதானே என் உத்தியோகம்? அதே மாதிரி இதையும் சோதிச்சுத் தீர்ப்பு சொல்லணும். ஆடலாம்னா இந்த வாரம் எனக்கு. லாயக்கில்லைன்னா அடுத்த நிமிஷம் நான் ஏணி மேல."

"தீர்ப்பை அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "என் தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது. ஆபீஸ்ல கேட்டுப் பாரு."

"எதுக்குக் கேக்கணும்? நீங்க சொன்னா சரி."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவள். அப்படிப்பட்டவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

விளையாட்டு மகா மட்டமாக இருந்தது. வீரனுக்கு மூக்கு தேர்ந்தெடுக்கவே அரைப்பொழுது போயிற்று. தேடித் தேடி வைத்த மூக்கு தலைக்கவசத்துக்குள் போய் மறைந்துகொண்டது. ஊர் எல்லையைத் தாண்டினால் ஒரே ஓநாய், ஒரே கடி, வீரன் காலி. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. ராஜ்யத்தையே காப்பாற்ற வந்தவனைக் கூப்பிட்டு, ஒரு கிழவர் தன் வீட்டு நிலவறையில் எலி பிடிக்கச் சொன்னார்.

மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"எலி புடிக்கிறேன்."

"நம்ம சமையலறைல ஓடுற எலிக்குப் பொறி வைங்கன்னு போன மாசத்துலேர்ந்து கத்தறேன். அது காதுல ஏறல. யாரோ ஒரு கிழவன் சொன்னதும் வாளைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்க?"

"அவர் அனுபவப் புள்ளி தர்றாரும்மா."

"நான் சோறு போடறேன்."

இன்ஸ்பெக்டர் அவசரமாக அடுத்த எலியைத் துரத்தினார்.

"சரி, ஆட்டம் எப்படி?"

கண்றாவி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏணி ஞாபகம் வந்தது. "பிரமாதம்!" என்றார்.

பெயின்ட் அடிக்காமல் தப்பிக்க எந்தக் கணவனும் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டான். ஓநாய் கடிக்கக் கடிக்க இன்ஸ்பெக்டர் "ஆஹா" என்றார். வழி தெரியாமல் ஒரே மரத்தைச் சுற்றியபோது "என்ன ஒரு இயற்கைக் காட்சி!" என்றார். சும்மா சுவரில் பெயின்ட் அடித்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்று அவருக்கே எரிச்சலாக வந்தது.

"சாப்பிட வாங்க."

"இரு, சேவ் பண்ணிட்டு வர்றேன்."

"ரெண்டு நாளா பண்ணாமத்தானே உட்கார்ந்திருக்கீங்க, இப்ப என்ன அவசரம்?" என்று அவர் தாடையைப் பார்த்துக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். முகத்தை மழிப்பதும் ஆட்டத்தைப் பத்திரப்படுத்துவதும் அந்த வீட்டில் ஒரே 'சேவ்'தான்.

"தாடி இல்லம்மா, ஆட்டம்! இதோ, இந்த நீலப் பொத்தானை அமுக்கணும். அமுக்காம அணைச்சா ஆடினதெல்லாம் போச்சு."

"மறுபடி எலியிலேர்ந்தா?"

"எலியிலேர்ந்து."

"ஐயோ பாவம்," என்றாள். எலியைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

மறுநாள்தான் அது நடந்தது. வீரன் ஓர் உடைந்த பாலத்தைத் தட்டுத்தடுமாறித் தாண்டினான். பனி விலகியது. மலை முழுக்க விளக்கேற்றிய ஒரு நகரம். எங்கிருந்தோ புல்லாங்குழல். வாசலில் நின்ற காவல்காரி, "எலி பிடித்தவன் நீதானே?" என்று கேட்டாள். அவன் புகழ் அதுவரை எட்டியிருந்தது! இன்ஸ்பெக்டர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இனிமேல் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் நிஜமாகவே பிரமாதம். இந்த வாரம் முழுக்க அவர் இந்த ஊரில்தான்.

"ஏங்க! எங்கண்ணன் தெருமுனைக்கு வந்துட்டாராம்! இந்த மூஞ்சியோடவா வந்து நிப்பீங்க?"

மச்சான் தாடியைப் பார்த்தால் தங்கச்சியை இவன் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று ஆரம்பித்துவிடுவார். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் குளியலறைக்கு ஓடினார். கடைசி இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து குரல் வந்தது.

"சேவ் பண்ணியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. முழுசா?"

கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "முழுசா!"

வெளியே வந்தார். திரை கறுப்பாக இருந்தது.

"அணைச்சிட்டியா?"

"ரெண்டு தடவை கேட்டுட்டுத்தானே அணைச்சேன்?"

"நான் தாடியைச் சொன்னேன்!"

"நான் ஆட்டத்தைக் கேட்டேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பாலம் போச்சு. நகரம் போச்சு. மறுபடி அந்தக் கிழவன், அந்த நிலவறை, அந்த எலி. இன்ஸ்பெக்டருக்கு மூன்று நாள் எரிச்சலும் ஒன்றாகப் பொங்கியது.

"மனுஷன் ஆடுவானா இதை? லாயக்கே இல்லாத ஆட்டம்!"

"தீர்ப்பா?" என்றாள் அவள், மெதுவாக.

இன்ஸ்பெக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லம்மா, ஏதோ கோவத்துல..."

"அப்பீல் கிடையாதுன்னீங்க. ஏணி உள்ள இருக்கு."

"உங்கண்ணன் வர்ற நேரத்துலயா?"

"அவர் எங்க வர்றார்? தெருமுனைன்னா அவர் வீட்டுத் தெருமுனை."

இன்ஸ்பெக்டர் ஏணியில் ஏறினார். இரண்டு கை பெயின்ட் அடித்திருப்பார். கூடத்திலிருந்து புல்லாங்குழல் கேட்டது.

"அது... அந்த நகரம்தானே? அழிஞ்சு போச்சே!"

"நீலப் பொத்தானை அமுக்கிட்டுத்தான் அணைச்சேன். உங்களை நம்பி விடுவேனா?" அவருடைய நாற்காலி கிரீச்சிட்டது. "ஏங்க, நிஜமாவே பிரமாதமா இருக்கு. இந்தக் காவல்காரிகிட்ட என்ன சொன்னா உள்ள விடுவா? இறங்கி வராதீங்க, அங்கேர்ந்தே சொல்லுங்க."