சொட்டு சாரின் அசல் கண்ணீர்

உலக சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சொட்டு சாரை விட்டுவிட்டு எழுதினால், அது வறண்ட வரலாறாகத்தான் இருக்கும். கணினி முன் உட்கார்ந்து நடிகர்களின் கன்னத்தில் கண்ணீர் வரைவது அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருஷம் சொட்டுச் சொட்டாக வரைந்ததால் அந்தப் பெயர். நடுவில் தலையில் சொட்டை விழுந்ததும் பெயர் இன்னும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அவர் வரைந்த கண்ணீரில் முக்கால்வாசியைச் செலவழித்தவர், ரசிகர்கள் 'உணர்ச்சிக் களஞ்சியம்' என்று கொண்டாடும் கதாநாயகன். களஞ்சியம் எப்போதும் பூட்டியே இருக்கும். காதலி போனாலும் பசி எடுத்தாலும் முகத்தில் ஒரே பாவம்தான். பாவம், அவரும் என்ன செய்வார்?

ஒரு படத்தில் தாய் இறக்கும் காட்சி. அதற்காகப் பதினோரு பேர் அடங்கிய 'கண்ணீர் ஆலோசனைக் கூட்டம்' கூடியது. தயாரிப்பாளர் மூன்று சொட்டு கேட்டார். இயக்குநர், கலையின் தரம் கருதி, ஒன்றே போதும் என்றார். நாயகனின் மேனேஜருக்கு வேறு கவலை.

"சொட்டு மீசையைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரசிகர்கள் மனசு உடைஞ்சிடும்."

"அம்மா செத்துட்டாங்க சார்," என்றார் சொட்டு சார்.

"அது கதையில. மீசை நிஜம்."

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் ஒன்றரைச் சொட்டு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முழுச் சொட்டு நாலே நாளில் முடிந்தது. கண்ணோரத்தில் நின்று விழலாமா வேண்டாமா என்று தவிக்கும் அந்த அரைச் சொட்டுக்குத்தான் நாலு மாதம் பிடித்தது.

அரைச் சொட்டு நாயகனுக்கு விருது வாங்கிக் கொடுத்தது. மேடையில் அவர், "கிளிசரின் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய உண்மைகளில் அதுவும் ஒன்று.

வீட்டில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்த சொட்டு சாரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன ஒரு மனசு பாருங்க அவருக்கு. எங்கப்பா செத்தப்ப நீங்க ஒரு சொட்டு விட்டீங்களா?"

செய்கிற வேலையைப் பெற்ற தாயிடமும் கட்டிய மனைவியிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார் சொட்டு சார். அவள் அறிந்தவரை அவருக்கு 'கம்ப்யூட்டர் வேலை', அவ்வளவுதான். "துணி காயப் போட்டுட்டு வரேன்," என்று எழுந்து போனார்.

பிறகு, பொத்தானை அழுத்தினால் குடம் குடமாகக் கொட்டும் மென்பொருள் ஒன்றை நிறுவனம் வாங்கியது. வாங்கிய வாரமே சொட்டு சாருக்கு 'அன்பான ஓய்வு' வழங்கப்பட்டது. பாராட்டு விழாவுக்கு மனைவியையும் அழைத்திருந்தார்கள். விழாக் குழுவினர், ஆர்வக் கோளாறில் ஒப்பந்தத்தை மறந்து, அவருடைய சாதனையைத் திரையில் போட்டுவிட்டார்கள். முதலில், படம் பிடித்தபடியே: இறந்த தாயின் அருகில் நாயகன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிற்கிறார். அடுத்து, சொட்டு சார் தொட்ட பிறகு: கண் நிறைகிறது, தாடை நடுங்குகிறது, அரைச் சொட்டு தவிக்கிறது.

அரங்கமே கழுத்தை நீட்டி நாயகனைத் தேடியது. முன்வரிசையில் இருந்த நாயகன் கொஞ்சமும் அசரவில்லை. எழுந்து மைக்கை வாங்கினார்.

"நான் உள்ளுக்குள்ள அழுதேன். அண்ணன் அதை வெளியில எடுத்து வச்சார்."

கைதட்டல் ஓய வெகு நேரமானது. சொட்டு சாரின் மனைவி மட்டும் தட்டவில்லை. அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்தத் தாடை நடுங்குறது உங்களோடதுங்க. எங்கப்பா போன அன்னைக்கு பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"அழுதேன். எதிர்ல கண்ணாடி இருந்துச்சு. எப்படி வழியுதுன்னு பாத்துக்கிட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கேடயம் வாங்க மேடை ஏறியவர், அத்தனை பேர் முன்னால் உடைந்துவிட்டார். மூக்கு சிவந்தது, வாய் கோணியது, மூச்சு விக்கியது. வீடியோக்காரர் எல்லாவற்றையும் பதிவு செய்தார்.

ஒரு வாரம் கழித்து நிறுவனம் அந்த வீடியோவை வெளியிட்டது. அதற்கு முன் அதைப் பார்வையிட்ட நிர்வாகம், அவர் அழுகை 'நம்பும்படியாக இல்லை' என்று கண்டறிந்து, பொத்தானை அழுத்தியது. மூக்கின் சிவப்பு போனது, கோணல் நேரானது, கன்னத்துக்கு இரண்டு முத்தான சொட்டு வந்து சேர்ந்தது. சொட்டு சாரின் மனைவி பாதிவரை பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்று கேட்டு அதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் அவளுக்கு ரசனை போதாது. வீடியோவின் அடியில் நிறுவனம் தெளிவாகவே உறுதி கூறியிருந்தது: 'இதில் கணினி வேலை எதுவும் இல்லை. எல்லாம் அசல்.' அந்த வரியைப் படித்து நெஞ்சுருகிய மூன்று லட்சம் பேரில் நானும் ஒருவன். உங்களையும் அங்கே பார்த்ததாக ஞாபகம்.