நாத்திகர் சங்கத்தில் நான் நடத்திய ஜெபம்

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் சர்ச்சுக்குப் போறதை விட்டுட்டேன், நாத்திகனாயிட்டேன், அதையும் நேத்து மேடை ஏறி மைக் பிடிச்சு உலகத்துக்கே அறிவிச்சுட்டேன்!!!

முதலில் உட்கார்ந்துகொள். நீ, மாமா, குட்டி எல்லோரும் நலமா? இங்கு நான் நலம். "கர்த்தருடைய கிருபையால்" என்று டைப் அடித்து அழித்துவிட்டேன், கைப்பழக்கம்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொன்னால் அழுவாங்க, நீ சொன்னால் திட்டுவாங்க. திட்டுறது பரவாயில்லை, அதனால் நீதான் சொல்லணும்.

நான்தான் நாத்திக வீடியோ பார்த்தே, கமெண்ட்டில் சண்டை போட்டே பண்டிதன் ஆனவனாச்சே! பகுத்தறிவு சங்கத் தலைவர், அவர் ஒரு பல் டாக்டர், "தம்பி, வந்து பேசுங்க"ன்னு கூப்பிட்டார். டயர் கடை மாடியில் ஹால். பேசினேன் அக்கா! ஒரே கைதட்டல்! தலைகால் புரியலை. முடிக்கும்போதுதான் வினை. சர்ச் வாலிபர் கூட்டத்தில் வருஷக்கணக்காய் மைக் பிடித்த வாய், ஒரு கூட்டத்தை வேறு எப்படி முடிப்பதென்று அதற்குத் தெரியாது. "எல்லாரும் எழுந்து நின்று, கண்களை மூடி ஜெபிப்போம்"னுட்டேன். அதைவிடக் கொடுமை, பாதி ஹால் எழுந்து கண்ணை மூடிருச்சு! எல்லாம் என்னை மாதிரி சர்ச்சிலிருந்து வெளியே வந்த கேஸ்கள். நானும் நிறுத்தத் தெரியாமல், டீ போட்டவர், ஃபேன் போட்டவர் எல்லாருக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லி, ஆமென் வரைக்கும் போயிட்டேன். அவங்களும் "ஆமென்"னாங்க. டாக்டர் என் தோளைத் தட்டி, "உருக்கமா ஜெபிச்சீங்க தம்பி. அடுத்த வாரம் வாயைத் திறக்காம நாற்காலி மட்டும் போடுங்க"ன்னார்.

வீடியோ நெட்டில் இருக்கு. அம்மா பார்க்கிறதுக்குள்ள சொல்லிடு. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லைன்னு சொல்லு, அம்மா மேல எந்தக் கோபமும் இல்லைன்னும் சொல்லு. ரெண்டாவதை முதல்ல சொல்லு.

ஆசீர்வாதம் அனுப்ப இப்போ என்கிட்ட ஸ்டாக் இல்லை. மாமாவுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம்.

உன் தம்பி

பி.கு.: எதுவும் சொல்லாதே, அம்மாவே போன் பண்ணிட்டாங்க! யாரோ கடைசி நிமிஷத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்காங்க. "டேய் ராசா, நாத்திகக் கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு அத்தனை பேரையும் ஆமென் சொல்ல வச்சுட்டியேடா! ஞாயித்துக்கிழமை சர்ச்சில எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்ல பாஸ்டர் உன்னைக் கூப்பிடுறாரு!"

"அம்மா, நான் நிஜமாவே நம்பிக்கையை விட்டுட்டேம்மா."

"ஆமா, அப்படிச் சொல்லித்தானே உள்ள போயிருப்ப. கெட்டிக்காரன்!"

அக்கா, முழு வீடியோ லிங்க் கீழே இருக்கு. நீ பாரு, மாமாவுக்கு அனுப்பு, குடும்ப குரூப்பில் போடு, சித்தி, பெரியம்மா ஒருத்தரையும் விடாமல் ஷேர் பண்ணச் சொல்லு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒருத்தராவது என்னை நம்பணும்!