டியூஷனில் படித்த பிஸ்தா

வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவன் வீட்டில் இருந்தால், அந்த வீட்டிலேயே அதிகமாக வேலை பார்ப்பவன் அவன்தான். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் கோத்தகிரி வீட்டில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், "அவன் சும்மாதானே இருக்கான்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் குடும்பம் நடந்தது.

அக்காவைப் பெண் பார்க்க வருகிற வாரம் அது. (புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? அவளும் மாப்பிள்ளையும் குன்னூரில் ஒரே அலுவலகம். வேண்டிய அளவு பார்த்தாகிவிட்டது.) இரண்டு வீட்டிலும் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "வந்து பாக்கறேன், பொறவு சொல்றேன்" என்று இழுத்திருந்தார். அந்தப் "பொறவு"க்குப் பயந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அந்த அம்மாவுக்கு நாய் என்றால் நடுக்கம். எங்கள் பிஸ்தாவுக்கோ மனிதர்கள் என்றால் உயிர். யார் வந்தாலும் சேற்றுக் காலோடு நெஞ்சில் ஏறி வரவேற்கும். வெளியே கட்டிப்போட்டால் தேயிலைக்குள்ளிருந்து சிறுத்தை வந்து தூக்கிவிடும். (பக்கத்து வீட்டு நாய் அப்படித்தான் போனது.) அறையில் அடைத்தால், அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்துவிடும் அளவுக்கு ஊளையிடும்.

"தம்பி, ஞாயித்துக்கெழமைக்குள்ள அதை ஒழுங்கா உக்காரப் பழக்கிருடா" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. தலையாட்டிவிட்டேன்.

நேரம்தான் இல்லை. காலையில் பச்சைத் தேயிலை மூட்டையை ஃபேக்டரி வண்டி வரும் இடத்தில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து டெய்லர் கடை. அக்காவின் ஜாக்கெட்டைக் கேட்டால், "நாளைக்கு வந்துருங்க தம்பி" என்பார். அடுத்து அப்பாவின் பிரஷர் மாத்திரை, கேஸ் சிலிண்டர், வாடகை நாற்காலி. வீட்டுக்கு வந்து மூச்சு விடுவதற்குள் டியூஷன் பிள்ளைகள் பையோடு வாசலில் நிற்பார்கள். இந்த நெருக்கடியில் என் மூளை ஒரு யோசனையைப் பெற்றெடுத்தது. பிஸ்தாவையும் டியூஷனில் சேர்த்துவிட்டேன்.

என் டியூஷனில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்வி கேட்டதும் முதலில் கை தூக்குகிறவருக்கு ஒரு துண்டு வர்க்கி. எங்கள் மலையில் டீயோடு கடித்துக்கொள்கிற மொறுமொறு பேக்கரிப் பண்டம் அது. பதில் தப்பாக இருந்தாலும் கொடுத்துவிடுவேன். (ஊக்கப்படுத்துகிறேனாம்!) பிள்ளைகள் நடுவில் பிஸ்தா அடங்கி உட்கார்ந்தது. அதற்கும் வர்க்கி. வாரக் கடைசிக்குள், நான் குரலை இழுத்துக் கேள்வி கேட்டாலே அதுவும் முன்னங்காலைத் தூக்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் புல்லரித்துப்போய் வீடியோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். வீட்டில் மற்றவர்களும் கேள்வி கேட்பார்கள் என்பது அந்தக் கணித மேதைக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பிஸ்தா மூலையில் சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்கா என்னை நன்றியோடு பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா நாய் மேல் ஒரு கண் வைத்தபடியே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீயும் தட்டு நிறைய வர்க்கியும் வந்தன.

"பொண்ணு நல்லா சமைக்குமுங்களா?" என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

பிஸ்தா காலைத் தூக்கியது.

"நல்லா சமைப்பாளுங்க" என்று எங்கள் அம்மா அவசரமாகச் சொன்னார். (அக்காவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும்.)

"கல்யாணத்துக்குப் பொறவும் வேலைக்குப் போகோணுமுங்களா?"

மறுபடியும் கால். இந்தத் தடவை கூடவே ஒரு குரைப்பு. கை தூக்கியும் வர்க்கி வரவில்லை அல்லவா? கவனிக்காமல் விட்டால் என் மாணவர்கள், "சார், சார்" என்று எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். பிஸ்தாவும் எழுந்து முன்னால் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கையில் வர்க்கி இருந்ததால் நேராக அவர் எதிரில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, ஏனுங்க இது இங்க வருது?" என்று அலறினார் அவர்.

அதுவும் கேள்விதானே. பிஸ்தா காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தது. டம்ளர் பறந்தது. டீ முழுக்கப் பட்டுச்சேலையில். தட்டு கவிழ்ந்து வர்க்கியெல்லாம் தரையில் சிதற, பிஸ்தா பாய்ந்து மொத்தத்தையும் வசூல் செய்தது.

"பயப்படாதீங்க அத்தை, டியூஷன்ல பழகுனது" என்று நான் உளறினேன். (அவர் அத்தை ஆவாரா என்பதே தெரியாத நேரத்தில்!) அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா சேலையைப் பார்த்தார். வாய் நிறைய வர்க்கியோடு நின்ற நாயைப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டிருந்த அக்காவை வெகு நேரம் பார்த்தார்.

"ஏங் கண்ணு, எம் பையனக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

பிஸ்தா காலைத் தூக்கியது. அக்கா அழுதபடியே நிமிர்ந்தாள். அவளும் கையைத் தூக்கினாள்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சரி, எனக்கும் சம்மதம்" என்று அவரும் கையைத் தூக்கிவிட்டார்.

இப்போது அக்காவின் மகள் பள்ளிக்குப் போகிறாள். டீச்சர் எதைக் கேட்டாலும் முதல் ஆளாகக் கை தூக்குகிறாளாம், பதில் மட்டும் வருவதே இல்லையாம். விசாரிக்கக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் என்பதையும் மறந்து, அத்தை அங்கே போய் அத்தனை பெற்றோர் முன்னால் சொல்லியிருக்கிறார்:

"அவ மாமங்கிட்டப் படிச்சவங்க எல்லாரும் அப்படித்தானுங்க."